இரண்டு காதும் தெரிய வேண்டும்

டீச்சருக்குப் பொய் சொல்வது புதிதல்ல. வேலையில் இருந்த காலமெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் விசிலோடு நின்றவள். ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வருகிற பிள்ளையிடம்கூட, "இன்னும் ரெண்டு எட்டு போட்டிருந்தா நீதான் ஃபர்ஸ்ட்" என்று கண்ணைச் சிமிட்டாமல் சொல்லிப் பழகியவள். ஆனாலும் அன்று ஸ்டுடியோவில் அவள் அத்தானிடம் அவிழ்த்துவிட்டது கொஞ்சம் பெரிய மூட்டைதான்.

"அத்தான், மலைமேல ஆடு இருக்கு பாருங்க, காட்டுல திரியறது. அதுங்களுக்கெல்லாம் அடையாள அட்டை போடப் போறாங்களாம்."

ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்தார். "ஆட்டுக்கா?"

"வனத்துறையில கணக்கெடுக்கறாங்க. ஒவ்வொரு ஆட்டையும் முகம் நேரா ஒரு போட்டோ எடுக்கணுமாம். கொம்ப வச்சு எது எதுன்னு கண்டுபிடிப்பாங்களாம். பாஸ்போர்ட் போட்டோ எடுத்துப் பழகின ஆள்தான் வேணும்னு தேடறாங்க. நான் உங்களைச் சொல்லிட்டேன்."

அத்தான் யோசித்தார். "ரெண்டு காதும் தெரியணுமா?"

"ரெண்டு காதும், ரெண்டு கொம்பும்."

"பின்னாடி வெள்ளைத் திரை?"

"கண்டிப்பா."

அவர் மறுபடி குனிந்து ஸ்டூலின் காலைத் துடைக்க ஆரம்பித்தார். "சரி, போவோம்" என்றார். டீச்சர் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, தெருமுனை திரும்பிய பிறகுதான் சிரித்தாள்.

இப்படி ஒரு பொய்யைக் கட்டியதற்குக் காரணம் இருந்தது. அத்தான் அவளுடைய அக்காவின் கணவர், ஊருக்கெல்லாம் ஸ்டுடியோக்காரர். அக்கா இறந்துபோனதிலிருந்து அவர் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. எடுக்கப் பிடிக்காமல் இல்லை. விரல் அமுக்க மறுத்தது.

ஸ்டுடியோ சின்னதுதான். முன்னறையில் ஒரு மேசை, முகம் பார்க்கும் கண்ணாடி, யாரும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு. உள்ளறையில் வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்கு, நடுவில் ஒரு வட்ட ஸ்டூல். அத்தான் காமிராவுக்குப் பின்னால் குனிவார். அக்கா இடப்பக்க விளக்கை ஒட்டி நின்றுகொண்டு வந்தவரின் வாயைக் கிண்டுவாள். "எந்த ஊருக்குப் போறீங்க? மாமியாரும் கூட வர்றாங்களா?" வந்தவரின் முகம் முதலில் விறைக்கும். அப்புறம் அசடு வழியும். அதற்கும் அப்புறம் ஏதோ ஒரு நொடியில் தான் போட்டோவுக்கு உட்கார்ந்திருப்பதையே மறந்து சும்மா இருக்கும். அந்த நொடியில் அக்கா "ம்" என்பாள். அத்தான் அமுக்குவார். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த வழக்கம் அது. வெளிச்சம் அவருக்குத் தெரியும், முகம் அவளுக்குத் தெரியும் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு நடத்திய கடை.

அக்கா போன பிறகு கடை திறந்த முதல் நாள், இரவல் கோட்டு போட்டுக்கொண்டு ஒருவர் வந்து உட்கார்ந்தார். அத்தான் குனிந்தார், வெளிச்சம் பார்த்தார், விரலை வைத்தார். அப்படியே நின்றார். அந்த மனிதர் இமைக்காமல் பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் வழிய, "சார், முடிஞ்சுதா?" என்று கேட்டபோதும் அப்படியேதான் நின்றார். அடுத்து வந்த அம்மாள் ஸ்டூலிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். கைக்குழந்தைக்குப் படம் எடுக்க வந்தவள் வழக்கம்போல வெள்ளைத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, குழந்தை மட்டும் வெளியே தெரிய மடியில் பிடித்திருந்தாள். துணிக்குள்ளேயிருந்து, "அண்ணா, மூச்சு முட்டுது" என்று குரல் வந்த பிறகுதான் அத்தான் நிமிர்ந்தார். வந்தவர்கள் எல்லாம் ரயில் நிலையத்தில் இருக்கிற போட்டோப் பெட்டிக்குப் போய்விட்டார்கள். பொத்தானை அமுக்கினால் அதுவே படம் எடுத்துத் துப்பிவிடும்.

டீச்சர் உதவிக்குப் போகாமல் இல்லை. ஒரு நாள் விளக்குக்குப் பக்கத்தில், அக்கா நின்ற அதே இடத்தில் நின்று, "ம்!" என்றாள். ஸ்டூலில் இருந்தவர் எழுந்து ஓடப் பார்த்தார்.

"என்ன, ஓட்டப்பந்தயமா விடறே?" என்றார் அத்தான்.

"அக்கா சொன்ன அதே 'ம்'தானே சொன்னேன்?"

"அவ சொன்னா அந்த மூஞ்சி வந்திருச்சுன்னு அர்த்தம். நீ சொன்னா உனக்குப் பொறுமை போயிருச்சுன்னு அர்த்தம்."

அதற்குப் பிறகு கடைக்கதவு பாதிதான் திறந்தது. அத்தான் உள்ளே உட்கார்ந்து ஸ்டூலைத் துடைத்தார். மறுநாளும் அதையே துடைத்தார். இப்படியே விட்டால் மனுஷன் ஸ்டூலோடு ஸ்டூலாகிவிடுவார் என்று டீச்சருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அக்காவைத்தான் விட்டாயிற்று, அத்தானையும் விட்டுவிட அவள் தயாராக இல்லை. எப்படியாவது அந்த விரல் ஒரே ஒரு தடவை அமுங்கிவிட வேண்டும். அப்புறம் தானாக ஓடிவிடும் என்று நம்பினாள்.

அதற்கு மலை எதற்கு என்றால், கதைகளில் வருவது மாதிரி "என் ஞாபகமாக மலைக்குப் போய் வாருங்கள்" என்றெல்லாம் அக்கா சொல்லிவிட்டுப் போகவில்லை. முதல் வளைவிலேயே வாந்தி எடுக்கிற ஆள் அவள். மேடு என்றாலே ஜன்னல் சீட்டும் எலுமிச்சம்பழமும் கேட்பாள். டீச்சரோடு வேலை பார்த்த டிராயிங் டீச்சர்தான் போய்விட்டு வந்து சொன்னாள். மரமெல்லாம் முடிந்துபோகிற உயரத்துக்கும் மேலே, போனுக்கு ஒரு கோடுகூட சிக்னல் வராத இடமாம். அங்கே ஆடுகள் மனுஷனைக் கண்டால் ஓடாதாம். வந்து நின்று மூஞ்சியையே பார்க்குமாம்.

"நேரா பார்க்குமா?" என்று டீச்சர் கேட்டாள்.

"நேராத்தான். நமக்கே வெட்கமா போயிடும்."

பொய்க்குக் கொம்பு முளைத்தது அங்கேதான்.

கிளம்புகிற அன்று அத்தான் வெள்ளைத் திரையைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். காமிரா, முக்காலி, நூலை அறுத்து அந்தச் சீப்பு. எல்லாவற்றுக்கும் மேல், வட்ட ஸ்டூலைக் கயிறு போட்டு முதுகில் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்தில் வந்து நின்றார்.

"ஸ்டூல் எதுக்கு அத்தான்?"

"ஸ்டூல் இல்லாம எப்படி போட்டோ எடுக்கறது?"

டீச்சர் பஸ் பெயர்ப்பலகையைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். ஆட்டை ஸ்டூலில் உட்காரவைக்கப் போகிறார்! சிரிப்பு ஒரு பக்கம், இப்படி ஒரு அப்பாவியை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தல் ஒரு பக்கம். வழியனுப்ப வந்திருந்த அவள் கணவர், ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கியே ஓய்வு பெற்றவர், அத்தானைத் தனியாக ஓரங்கட்டி எதையோ முணுமுணுத்தார். அத்தான் தலையை ஆட்டிக்கொண்டார். மாத்திரை விஷயமாக இருக்கும் என்று டீச்சர் அதை அத்தோடு விட்டுவிட்டாள்.

பஸ் கிளம்பியதும் டீச்சர் ஆரம்பித்தாள். எதிர்வீட்டுக்காரர் தெருநாய்க்குப் பயந்து மதில்மேல் ஏறிய கதை. ஏறியவருக்கு இறங்கத் தெரியவில்லை. நாயும் போகவில்லை. காலைப் பேப்பர்க்காரன் வந்து பேப்பரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான். இவர் அங்கேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். டீச்சர் அபிநயத்தோடு சொல்லி, நல்ல இடம் பார்த்து நிறுத்தி, அத்தானைப் பார்த்தாள்.

அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியான கல்லுளிமங்கன். கதை மதில்மேலேயே நின்றுபோயிற்று.

இதையே அக்காவிடம் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! சாயங்காலம் ஆனால் டீச்சர் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். கையில் போன், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. அன்றைக்கு நடந்தது, நடக்காதது, நடந்திருக்க வேண்டியது எல்லாவற்றையும் கொட்டுவாள். அந்தப் பக்கம் அக்கா கடையைக் கூட்டிக்கொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ "ம்" கொட்டுவாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் அந்த "ம்" விழ விழக் கதைக்குக் கை கால் முளைக்கும்.

அக்கா போன அன்றைக்கு டீச்சர் அழவில்லை. அழ நேரம் எங்கே இருந்தது? சொந்தக்காரர்களுக்குச் சொல்லி, நாற்காலி வரவழைத்து, அத்தானை ஒரு மூலையில் உட்காரவைத்து, தெருவை அடைத்துக்கொண்டு நின்ற வண்டிகளை விசில் ஊதி வரிசையில் நிறுத்தி, எல்லாம் அவள்தான். வந்தவர்கள் "இரும்பு மனுஷி" என்று மெச்சினார்கள். பட்டத்தைக் கொடுத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதைக் காப்பாற்ற வேண்டிய வேலை இவள் தலையில் விழுந்தது.

சாலை முடிந்த இடத்தில் வழிகாட்டி காத்திருந்தார். காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா. குல்லாக்காரர் என்று டீச்சர் மனதுக்குள் அப்போதே பெயர் வைத்துவிட்டாள். அத்தானை முன்னால் போகவிட்டு, இவரைப் பின்னால் நிறுத்தி, ரகசியமாக விஷயத்தைச் சொன்னாள்.

குல்லாக்காரர் குல்லாவுக்குள் விரலை விட்டுச் சொறிந்தார். "டீச்சரம்மா, எனக்குப் பொய் சொல்ல வராது."

"நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். சும்மா இருந்தா போதும்."

"அது வரும்."

ஏறினார்கள். மரங்கள் முதலில் குட்டையாகின, பிறகு முழங்கால் உயரப் புதராகின, பிறகு அதுவும் இல்லை. புல்லும் பாறையும், எங்கிருந்தோ வந்து எங்கோ போகிற ஒரு ஓடையும்தான் மிச்சம். தண்ணீர் கையை வைத்தால் எலும்புவரை குளிர்ந்தது. முன்னால் போகிற அத்தானின் முதுகில் ஸ்டூலின் கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. பின்னாலிருந்து பார்த்தால் அவரே கொம்பு வைத்த ஏதோ ஒரு பிராணியாகத் தெரிந்தார். டீச்சர் அதைச் சொல்லிச் சிரித்தாள். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. இவ்வளவு பெரிய இடத்தில் தன் சிரிப்பு தனியாகக் கேட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

தங்கியது ஒரு கல் வீடு. தகரக் கூரை, இரண்டு அறை, நடுவில் ஒரு விறகடுப்பு. சூப்பும் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சீக்கிரம் படுத்துவிட்டார்கள்.

காலையில் ஆடுகள் வந்துவிட்டன. வீட்டுக்குப் பின்னால் புல் சரிவில் ஒரு கூட்டமே நின்றது. டிராயிங் டீச்சர் சொன்னது சரிதான், ஒன்றும் ஓடவில்லை. அத்தான் மளமளவென்று வேலையில் இறங்கினார். மலையேற ஊன்றி வந்த இரண்டு கைத்தடிகளை நட்டு வெள்ளைத் திரையைக் கட்டினார். முக்காலியை நிறுத்தினார். ஒரு தாடிக்கார ஆடு என்ன ஏது என்று பார்க்க வந்து திரைக்கு முன்னால் நின்றது.

"தலையைக் கொஞ்சம் இறக்குங்க," என்றார் அத்தான் ஆட்டிடம். "தோள் சாயுது. நேரா. நேரா. இங்க பாருங்க."

ஆடு அவரையே பார்த்தது. பக்கத்தில் வந்த இன்னொன்று திரையின் ஓரத்தை வாயில் போட்டுக்கொண்டது. டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் சரிந்தாள். குல்லாக்காரர் தன் வாக்குறுதியைக் காப்பாற்றத்தான் பார்த்தார், ஆனால் துணி தின்கிற சத்தம் கேட்டு வாய் தவறிவிட்டது.

"போன தடவை கணக்கெடுத்தப்போ இதெல்லாம் இல்ல சார். புழுக்கையத்தான் எண்ணினாங்க."

டீச்சர் குல்லாக்காரரை முறைத்தாள். ஆனால் அத்தான், "அப்படியா" என்றதோடு சரி. அவர் கண் காமிராவை விட்டு நகரவில்லை. தப்பித்தோம் என்று டீச்சர் மூச்சு விட்டாள்.

தாடிக்கார ஆடு நின்றது. வந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் இல்லாத பொறுமை அதற்கு இருந்தது. முகம் நேராக, இரண்டு காதும் தெரிய, தன் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நின்றது. "அமுக்குங்க அத்தான்," என்று டீச்சர் கிசுகிசுத்தாள். விரல் பொத்தான்மேல் இருந்தது. "அமுக்குங்களேன்!" விரல் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் ஆடு ஒரு தும்மல் போட்டுவிட்டு மேய்ச்சலைப் பார்க்கப் போய்விட்டது.

அத்தான் திரையைக் கழற்றி, தின்றது போக மிச்சத்தை ஒழுங்காகச் சுருட்டினார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"நல்ல மூஞ்சி," என்றார். "வந்து நின்னுது. நான் காத்துக்கிட்டே இருந்தேன், அவ சொல்லுவான்னு. சொல்ல மாட்டான்னு தெரியுது. விரலுக்குத் தெரியல."

ஆட்டிடம்கூட முடியவில்லை என்றால் இனி எதனிடம் முடியும்? இரும்பு மனுஷி வேறென்ன செய்வாள், வேடிக்கை பேசினாள். "விடுங்க அத்தான், அந்த ஆட்டுக்கு ஏற்கெனவே பாஸ்போர்ட் இருக்கும்." அவர் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் உலகத்தையே காணவில்லை. மூடுபனி. சரிவும் இல்லை, ஓடையும் இல்லை, வாசலிலிருந்து நாலு எட்டுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை. "இன்னிக்கு யாரும் தூரமா போகாதீங்க," என்று சொல்லிவிட்டுக் குல்லாக்காரர் விறகு பிளக்கப் போனார். அத்தானோ அக்கா போன பிறகு பார்க்காத ஒரு முகக்களையோடு வாசலில் நின்றார்.

"இவ்ளோ பெரிய திரை எந்த ஸ்டுடியோவுல இருக்கு?" என்றார்.

வாசலுக்கு எதிரே சமதரையில் ஸ்டூலைப் போட்டார். முக்காலியை நிறுத்தினார். "ஆடு வர்ற வரைக்கும் நீ உட்காரு. தூரத்தைச் சரி பண்ணிக்கறேன்."

"ஆட்டுக்குப் பதிலா நானா?"

"கொம்பு ஒன்னுதான் குறை," என்று சீப்பை நீட்டினார். "தலையை வாரிக்கோ."

டீச்சர் வாரிக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் முக்காலியின் கால்களும், அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு உருவமும்தான் தெரிந்தன. ஒரு சத்தமும் இல்லை. விறகு பிளக்கிற சத்தத்தைக்கூடப் பனி விழுங்கிவிட்டது. டீச்சரால் எதை வேண்டுமானாலும் தாங்க முடியும், சத்தமே இல்லாமல் இருப்பதை மட்டும் தாங்க முடியாது. பேச ஆரம்பித்தாள். டிராயிங் டீச்சரின் மருமகளைப் பற்றிப் பேசினாள். பஸ் கண்டக்டரின் மீசையைப் பற்றிப் பேசினாள்.

"பேசாம இருந்தா காதுக்குள்ள என்னமோ அடைக்குது அத்தான். அதான் பேசறேன். நீங்க கேக்கணும்னு இல்ல. வீட்லயும் அப்படித்தான். சாயங்காலம் ஆனா மாடிக்குப் போயிடறேன். போனைக் காதுல வச்சுக்கறேன்."

சட்டென்று நிறுத்தினாள். இதை யாரிடமும் சொல்வதாக இல்லை. வாய் முந்திக்கொண்டுவிட்டது. பேச்சை மாற்ற வேண்டும், மீசைக்கே திரும்பிவிடலாம் என்று யோசித்தாள்.

"ம்," என்று பனிக்குள்ளிருந்து கேட்டது.

மெல்லிய "ம்"தான். அத்தானின் குரல்தான். ஆனால் விழுந்த இடம் சரியான இடம்.

"போன்ல யாரும் இல்ல அத்தான்," என்றாள் டீச்சர். "நான் யாரையும் கூப்பிடறது இல்ல. சும்மா காதுல வச்சுக்கிட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டே அவகிட்ட பேசறேன். அக்கம்பக்கத்துல பார்த்தா போன் பேசறேன்னு நினைச்சுக்குவாங்கல்ல, அதுக்காகப் போன்."

"ம்."

"எல்லாத்தையும் சொல்றேன். எதிர்வீட்டுக்காரர் மதில்மேல ஏறினதையும் சொன்னேன். நிறுத்தி நிறுத்திச் சொல்றேன் அத்தான். அவ 'ம்' சொல்றதுக்கு இடம் விட்டு விட்டுச் சொல்றேன்."

"ம்."

"ஒன்னும் வர மாட்டேங்குது."

அதற்கு மேல் இரும்பு நிற்கவில்லை. அக்கா போன அன்று வண்டிகளை வரிசையில் நிறுத்திய வாய் கோணிக்கொண்டு போயிற்று. மூக்கு ஒழுகியது. வாரிய தலையைக் கையால் கலைத்துக்கொண்டு, வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். எங்கே உட்கார்ந்திருக்கிறோம், எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. அழுது அழுது ஓய்ந்து, ஒன்றும் மிச்சமில்லாமல் சும்மா நிமிர்ந்தாள்.

"ம்," என்றார் அத்தான்.

டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

டீச்சர் முக்காலிப் பக்கம் பார்த்தாள். "அமுக்கிட்டீங்க."

அத்தான் காமிராவுக்குப் பின்னாலிருந்து வந்தார். விரலை யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் கன்னமும் நனைந்திருந்தது, துடைக்கவும் இல்லை. "நீ இடம் விட்டு விட்டுப் பேசறே," என்றார். "யாராவது 'ம்' சொல்லணும்ல? சுத்திப் பார்த்தேன். இங்க வேற யாரும் இல்ல. நான்தான் இருந்தேன்."

டீச்சர் முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். அழுததில் தலை லேசாகிவிட்டிருந்தது, வெட்கமும் வந்தது, அதனால் அதிகாரமாகப் பேசினாள். "சரி சரி, ஆட்டு வேலைக்கு வந்துட்டு என்னை எடுத்துட்டு நிக்கறீங்க. வனத்துறைக்கு என்ன பதில் சொல்றது?"

"எந்த வனத்துறை? ஆட்டுக்கு அடையாள அட்டையாம்! காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு வேணாம்? நீ தோட்டத்தையே கொண்டாந்து சுத்திட்டே."

டீச்சர் திருதிருவென்று விழித்தாள். "தெரிஞ்சேவா வந்தீங்க?"

"உன் வீட்டுக்காரர் முன்னாடியே கடைக்கு வந்தார். 'மாடியில நின்னு பேசிட்டே இருக்கா, போன்ல யாருமே இல்லைங்க' அப்படின்னு கண் கலங்கினார். எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கன்னார். உன்னை எப்படிக் கிளப்பறதுன்னு நான் முழிச்சுக்கிட்டு இருந்தேன். நீயே வந்து ஆட்டை அவிழ்த்துவிட்டே."

"அப்போ அந்த ஸ்டூல்?"

"ஸ்டூல்ல ஆடா உட்காரும்?" என்றார் அத்தான்.

கல்லுளிமங்கன் முதுகில் சுமந்து வந்தது டீச்சருக்கான ஸ்டூலை. அது தெரியாமல் வழியெல்லாம் கொம்பு என்று கிண்டல் அடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

படத்தைக் காமிராவின் சின்னத் திரையில் பார்த்தார்கள். வெள்ளைக்கு நடுவில் டீச்சர், கண் வீங்கி, மூக்கு சிவந்து, தலை கலைந்து. அவள் இடது தோளுக்குப் பின்னால், பனிக்குள்ளிருந்து எப்போது வந்து நின்றதோ, அந்தத் தாடிக்கார ஆடு. டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினாள். அது அங்கேயேதான் நின்றுகொண்டு ஸ்டூலின் மெத்தையைச் சுவை பார்த்துக்கொண்டிருந்தது.

"அய்யோ, அழிங்க அத்தான். பார்க்கச் சகிக்கல."

"அழிக்க மாட்டேன். அதைப் பாரு," என்று அத்தான் ஆட்டைச் சுட்டினார். "முகம் நேரா இருக்கு, ரெண்டு காதும் தெரியுது. உன்னைத்தான் தள்ளுபடி பண்ணணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு டீச்சருக்கு இன்னொரு தடவை அழுகை வந்தது. இந்தத் தடவை அதை அடக்க அவள் மெனக்கெடவில்லை. பனி விலகும்வரை அத்தான் எடுத்துக்கொண்டே இருந்தார். ஆட்டை, பாறையை, ஓடையை, விறகோடு வந்து நின்ற குல்லாக்காரரை, எல்லாவற்றையும் நட்டநடுவில் நிறுத்தி, நேராக. ஒவ்வொன்றுக்கும் தானே "ம்" சொல்லிக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் டீச்சர் மாடிக்குப் போவதை விடவில்லை. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? வந்த கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம், போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்கப் போனாள். போன் காதிலேயே அலறியது. டீச்சர் துள்ளிக் குதித்ததில் கைப்பிடிச் சுவரில் இருந்த காக்கை பறந்துபோயிற்று.

"என்ன அத்தான்?"

"கடையில ஆள் உட்கார்ந்திருக்கார். மூஞ்சி இறுகிப்போய் இருக்கு. போனை ஸ்பீக்கர்ல போட்டு விளக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். நீ ஏதாவது பேசு."

இடப்பக்க விளக்காகத்தான் இருக்கும் என்று டீச்சருக்குத் தெரிந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "என்ன பேசறது?"

"அந்த மதில்மேல ஏறின ஆள் இருக்காரே. அவரைப் பேப்பர் படிக்க விட்டுட்டு நிறுத்திட்டே."

கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், பஸ்ஸிலும். டீச்சர் நடக்க ஆரம்பித்தாள். முதலிலிருந்தே சொன்னாள். நாய் வந்தது, எதிர்வீட்டுக்காரர் ஏறியது, பேப்பர் வந்தது, படித்து முடித்தது, அவர் மனைவி காபியைக் கம்பில் கட்டி மேலே நீட்டியது. அந்த இடத்தில் பழக்கதோஷமாக நிறுத்தி, இடம் விட்டாள்.

"ம்," என்றது போன். கூடவே டக் என்று ஒரு சத்தம்.

டீச்சர் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை முடிந்துவிட்டது, இனி அத்தான் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள். அதற்குள் அறிமுகமே இல்லாத ஒரு குரல் அந்தப் பக்கத்திலிருந்து அவசரமாகக் கேட்டது.

"அப்புறம் அவர் எப்படிங்க இறங்கினார்?"

"பொறுங்க, சொல்றேன்," என்றாள் டீச்சர். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கோடிக்குத் திரும்பினாள்.